ஆகாயத்திலயிருந்து வீடியோ கோல் எடுக்கலாமோ? – வாசகர் கேள்வி பதில்

நல்லூர்க் கொடியேற்றம் கிட்டுதெண்டா வெளிநாட்டுப் பிள்ளையள் ரிக்கெற் போடத் துவங்கிடுவினம், அதோட சேர்ந்து இந்த முறை எங்களுக்கு வந்த கேள்வியளில கனக்க பிளேனுக்குள்ள இருந்து போன் கதைக்கிறதைப் பற்றினது தான். தனித்தனியாப் பதில் போடுறதை விட ஒரே இடத்தில போட்டா எல்லாருக்கும் உதவும் எண்டு மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு. பேர் போட வேண்டாம் எண்டு கன பேர் கேட்டபடியா ஊரை மட்டும் போடுறம்.

கோண்டாவிலில இருந்து ஒரு அம்மா:
மகன் ரொறன்ரோவில ஏறி இடையில ஒரு இடத்தில மாறிக் கொழும்புக்கு வந்தவன். பிளேனுக்குள்ள வைபை இருக்கு அம்மா, வீடியோ கோல் எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு ஏறினவன். முதல் பிளைற்றில முகம் தெரிய வடிவாக் கதைச்சான். இரண்டாவது பிளைற்றில மெசேஜ் மட்டும் வந்தது, கோல் எடுத்தா விட்டு விட்டுக் கேட்டுது, நான் கதைக்கேக்க அவனும் கதைக்கிறான், பேந்து கட்டாயிட்டுது. என்னவோ ஏதோ எண்டு பயந்து விடியுமட்டும் சாமியறையில இருந்தன். ஒரே போன், ஒரே ஆள், ஏன் இப்பிடி?

அம்மா, முதல்ல அந்தப் பயத்தை விடுங்கோ. விமானிமார் தரையோட கதைக்கிற தொடர்பு வேற, பயணியளுக்குக் குடுக்கிற வைபை வேற, இது நிண்டாலும் அது நிக்காது. மெசேஜ் வராம நிண்டா நெற் நிண்டுட்டுது எண்டு மட்டும் எடுங்கோ. பிளேன் எங்க நிக்குது எண்டு பாக்க ஆசையெண்டா பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டச் சொல்லி பிளைற்ரேடார்24 எண்ட ஆப்பில பிளைற் நம்பரை அடிச்சுப் பாருங்கோ. அதிலயும் கடலுக்கு மேல போகேக்க பிளேன் படம் சில நேரம் காணாமப் போகும், சிக்னல் பிடிக்கிற ரிசீவர் கனக்க தரையில தான் இருக்கு எண்டபடியா, அதுக்கும் பயப்பிட வேண்டாம்.

இப்ப ஏன் ஒரு பிளைற்றில ஏலும் மற்றதில ஏலாது எண்டதுக்கு வாறன். பிளேன்ர முதுகில ஒரு அன்ரெனா இருக்கும், அது மேல சற்றலைற்றோட கதைக்கும், சற்றலைற் கீழ தரையில இருக்கிற ஒரு ஸ்ரேஷனோட கதைக்கும், அங்கயிருந்து தான் இன்டர்நெற். அந்தச் சற்றலைற் எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டதில தான் எல்லாம் இருக்கு. கன காலமாப் பிளேனுகளில பாவிக்கிறது பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீற்றர் உயரத்தில நிக்கிற சற்றலைற். மகன் சொல்லுற "அம்மா" எண்ட சொல் 36 ஆயிரம் கிலோமீற்றர் மேல போய் திருப்பி 36 ஆயிரம் கீழ வரோணும், வெளிச்சத்தின்ர வேகத்தில வந்தாக்கூட கால் செக்கன் போகும், நீங்கள் சொல்லுற பதிலுக்கு இன்னொரு கால் செக்கன், அதோட வழியில இருக்கிற மெஷினுகள் எடுக்கிற நேரத்தையும் சேர்த்தா அரைச் செக்கனுக்கு மேல தாண்டிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் போன் கதையில ஒரு பக்கப் பிந்தல் 150 மில்லிசெக்கனுக்குள்ள இருந்தா நல்லது எண்டு சொல்லுது, 400ஐத் தாண்டவே கூடாது எண்டுது. உயரச் சற்றலைற்றில போறதுக்கு மட்டும் 240 கிட்ட. அதால தான் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில துவங்கி, ரெண்டு பேரும் நிப்பாட்டி, திருப்பி ரெண்டு பேரும் துவங்கி, கடைசியில ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காமப் போறது. இது உங்கட போன்ர பிழையும் இல்லை மகன்ர பிழையும் இல்லை.

மற்றது ஸ்ரார்லிங்க் மாதிரிக் கீழ ஓடுற சற்றலைற், 550 கிலோமீற்றர் மட்டில. தூரம் குறைவு எண்டபடியா பிந்தல் ஐம்பது மில்லிசெக்கன் மட்டில தான் நிக்கும், வீட்டு வைபையில கதைக்கிற மாதிரி இருக்கும். ஹவாயன் ஏர்லைன்ஸ் 2024ல போட்டது, கத்தார் ஏர்வேஸ் 2024 ஒக்ரோபரில டோகாவில இருந்து லண்டன் போற போயிங் 777ல துவங்கினது, யுனைற்றட், ஏர்பால்ரிக் எல்லாம் 2025ல. ஆனா ஒரு கம்பனி போட்டிட்டுது எண்டா அந்தக் கம்பனியின்ர எல்லாப் பிளேனிலயும் இருக்கு எண்டு அர்த்தமில்லை, ஒவ்வொரு பிளேனா நிப்பாட்டி மேல அன்ரெனா பூட்டோணும், அதுக்கு வருசக்கணக்குப் போகும். உங்கட மகன்ர முதல் பிளேன் கீழ ஓடுற சற்றலைற்றோடயும் இரண்டாவது உயரத்தில நிக்கிறதோடயும் கதைச்சிருக்கும் எண்டு தான் நீங்கள் சொல்லுறதை வைச்சுப் பாக்கேக்க விளங்குது.

இன்னொண்டும் இருக்கு. பிளேனுக்கு நெற் வாற பாதை அகலம், பிளேனில இருந்து போற பாதை ஒடுக்கம், அன்ரெனா சின்னன், அனுப்புற சக்தியும் குறைவு. அதால மகனுக்கு உங்கட முகம் வடிவாத் தெரியும், குரலும் கேக்கும், உங்களுக்கு அவன்ர முகம் கட்டம் கட்டமா உடைஞ்சு தெரியும். அப்பிடி ஒரு பக்கம் மட்டும் குழம்பினா அவனைக் கமராவை நிப்பாட்டச் சொல்லுங்கோ, உங்கட கமரா ஓடட்டும். குரலுக்கு செக்கனுக்கு 100 கிலோபிற் கூடத் தேவையில்லை, ஓரளவு வடிவான வீடியோவுக்கு அதைப் போல பத்து மடங்கு வேணும், அந்தச் சுமையை எடுத்துவிட்டாலே குரல் தப்பும். முன்னூறு பேர் ஒரே நேரத்தில பாவிக்கிற நெற் அது எண்டதையும் மறக்கக் கூடாது, சாப்பாடு குடுத்து முடிஞ்சு லைற் நிப்பாட்டி ஆக்கள் நித்திரையான பிறகு கொஞ்சம் வேகம் வரும், ஆனா அந்த நேரம் கதைக்கிறது பக்கத்தில இருக்கிறவைக்குக் கரைச்சல், அதைப் பற்றிக் கீழ ஒரு ஐயா கேட்டிருக்கிறார்.

சாவகச்சேரியில இருந்து ஒரு தம்பி:
அண்ணை, போன மாதம் பிளேனில போகேக்க வட்ஸ்அப் மெசேஜ் பறக்குது, கோல் அடிச்சா மற்றப் பக்கம் ரிங் போகுது, எடுத்தாப் பிறகு "கனெக்ற்றிங்" எண்டு அப்பிடியே நிக்குது. விபிஎன் போட்டா வேலை செய்யும் எண்டு ரிக்ரொக்கில சொல்லினம், உண்மையோ?

தம்பி, ரிங் போறதும் கதை வாறதும் ரெண்டு வேற வேலை. "இன்னார் கூப்பிடுறார்" எண்டு சொல்லுறது ஒரு சின்ன மெசேஜ், அது மற்ற மெசேஜ் போற வழியால போய்ச் சேர்ந்திடும். குரல் அப்பிடிப் போறேல்லை, செக்கனுக்கு அம்பது தரம் சின்னச் சின்னத் துண்டா வெட்டி யூடிபி எண்ட வழியால அனுப்புப்படுது, பிந்தி வாற துண்டை எறிஞ்சுபோட்டுத் தான் கதை ஓடும். பிளேன்ர நெற்வேர்க் இந்தத் துண்டுகளைக் கண்டு மறிச்சா ரிங் போகும், கதை வராது. நீர் பாத்தது அது தான். இது ஏதோ புதுசா வந்த வழக்கமும் இல்லை, 2008ல அமெரிக்காவில கோகோ எண்ட கம்பனி தரைக் கோபுரங்களில இருந்து பிளேனுக்கு நெற் குடுக்கத் துவங்கேக்கயே வொய்ஸ் கோலை மறிச்சுத் தான் குடுத்தவை.

அதை விட நீர் எடுத்தது எந்தப் பிளான் எண்டும் பாரும். இலவசமாக் குடுக்கிறது கன இடங்களில மெசேஜுக்கு மட்டும், எழுத்துப் போகும், படம் போகாது, வொய்ஸ் மெசேஜும் போகாது. அதில கோல் எதிர்பாக்கக் கூடாது.

விபிஎன் விஷயம். எங்கட நெற்றைப் பூட்டி வேற ஒரு சேர்வரால சுத்தி அனுப்புற ஆப் தான் விபிஎன். சில நேரம் வேலை செய்யும், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா உயரச் சற்றலைற் நெற்றில ஒரு உள்வேலை இருக்கு, தூரத்தால வாற பிந்தலை மறைக்க இடையில ஒரு மெஷினை வைச்சு, நாங்கள் கேக்கிற பக்கங்களைக் கெதியா வரப்பண்ணுவினம். விபிஎன் போட்டா எல்லாம் பூட்டுப்பட்டுப் போறதால அந்த மெஷினுக்கு உள்ள என்ன போகுது எண்டு தெரியாது, உதவி செய்யவும் ஏலாது, மெசேஜ் கூட மெதுவாப் போயிடும். குரலும் விபிஎன் சேர்வர் இருக்கிற நாட்டுக்குச் சுத்திப் போய்த் தான் வரும். அதோட வைபைக்குள்ள போகேக்க நீர் "சம்மதம்" எண்டு அமத்தின விதியில கோல் எடுக்கப்படாது எண்டு இருந்தா, மறிச்சது நெற்வேர்க் மட்டுமில்லை, அந்தப் பிளேன்ர சட்டமும் தான். போடாதையும் எண்டு தான் சொல்லுவன்.

உரும்பிராயில இருந்து ஒரு வாசகர்:
போன மாசி அப்பா காலமாகிட்டார். மெல்பேணில இருக்கிற தங்கச்சி சிங்கப்பூரால வந்து கொண்டிருந்தவ, செத்தவீட்டுக் கிரியை நடக்கேக்க ஆகாயத்தில நிண்டவ. நாங்கள் வட்ஸ்அப் வீடியோ கோல் எடுத்து எடுத்துப் பாத்தம், ரெண்டு நிமிஷம் தெரியும், பேந்து போயிடும். அவ அழுதழுது வந்து இறங்கினவ, இண்டைக்கும் அதைத் தான் சொல்லிக்கொண்டிருக்கிறா. எங்களுக்கு நடந்தது நடந்திட்டுது, இனி ஒரு குடும்பத்துக்கு இப்பிடி வந்தா என்ன மாதிரிச் செய்யலாம் எண்டு எழுதுங்கோ.

உங்கட தங்கச்சிக்கு எங்கட அனுதாபத்தைச் சொல்லுங்கோ. நீங்கள் மற்றவைக்காகக் கேட்டிருக்கிறியள், அதால இதை விரிவா எழுதுறன், வாசிக்கிறவை இந்தப் பக்கத்தை வெட்டி வைச்சாலும் நல்லது, இந்தக் காலத்தில பிள்ளையள் நாலு நாட்டில இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில குறைவு.

முதலாவது, வட்ஸ்அப் கோல் எடுக்க வேண்டாம். கோல் எண்டது ரெண்டு பக்கமும் அந்தந்தச் செக்கனில ஓடோணும், ஒரு செக்கன் நெற் தடக்கினா உடைஞ்சு போகும். அதை விட யூரியூப் லைவ் மாதிரி ஒரு பக்கம் மட்டும் போற ஒளிபரப்பு தான் பிளேனுக்குப் பொருத்தம். அது வீட்டுக் கூரையில இருக்கிற தண்ணித் தாங்கி மாதிரி, கொஞ்சத்தைச் சேர்த்து வைச்சுக்கொண்டு தான் ஓடும், மோட்டர் இடையில நிண்டாலும் பைப்பில தண்ணி வந்து கொண்டிருக்கும். இருபது செக்கன், முப்பது செக்கன் பிந்தித் தெரியும், அவவுக்கு அது ஒரு குறையே இல்லை. தடக்கி நிண்டாலும் பின்னால இழுத்து விட்ட இடத்தில இருந்து பாக்கலாம். பிளேனில இருந்து ஒண்டும் மேல அனுப்பத் தேவையில்லாததால நான் முன்னுக்குச் சொன்ன அந்த ஒடுக்கமான பாதையின்ர பிரச்சினையும் இல்லை.

ஆனா லைவ் போடுறதை அந்தரத்தில துவங்க ஏலாது. புதுச் சனல் ஒண்டில முதல்முறை லைவ் போட யூரியூப் அனுமதி தர 24 மணித்தியாலம் மட்டில எடுக்கலாம், போனில இருந்து போடுறதெண்டா சப்ஸ்கிரைபர் 50 பேராவது வேணும். செத்தவீடு நடக்கிற வீட்டில அதுக்கெல்லாம் ஆர் இருக்கினம். அதால லைவ் போடுற எங்கட ஊர் வீடியோக்காரரைப் பிடிக்கிறது தான் புத்தி, அவையிட்ட சனல் தயாரா இருக்கும், லிங்க் இருக்கிற ஆக்கள் மட்டும் பாக்கிற மாதிரிப் போடவும் தெரியும். அவையிட்டச் சொல்ல வேண்டியது ஒண்டு தான்: படத்தை விடச் சத்தம் முக்கியம். ஐயர் சொல்லுறதும் சுண்ணம் இடிக்கேக்கப் பாடுறதும் கேக்கிற மாதிரி மைக்கைக் கிட்ட வைக்கச் சொல்லுங்கோ, பறை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில வேண்டாம். பாக்கிறவ பிளேனில 144 அல்லது 240 எண்ட குறைஞ்ச தரத்தில வைச்சுப் பாக்கட்டும், தானா மாற விட்டா அது கூடின தரத்துக்கு ஏறிப் பேந்து நிண்டு போகும். லிங்க்கை அவ ஏறுறதுக்கு முதலே அனுப்பிடோணும்.

இரண்டாவது, நெற் பிளான். ரிக்கெற் போடுற ஏஜென்சியிட்டயோ விமானக் கம்பனியின்ர ஆப்பிலயோ அந்த பிளைற்றில வைபை இருக்கோ எண்டு கேளுங்கோ, மெசேஜ் பிளான் காணாது, முழு நெற் வேணும். சில கம்பனியள் தங்கட மெம்பருக்கு இலவசமாக் குடுக்கினம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023 யூலையில இருந்து தங்கட கிரிஸ்பிளையர் மெம்பருக்கு எக்கொனமியிலயும் இலவசம், மெம்பராகக் காசு இல்லை, ஆனா ஏறமுதல் பதிஞ்சு அந்த நம்பரை புக்கிங்கில போட்டிருக்கோணும். துக்கத்தில நிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஞாபகம் வராது, இங்க இருக்கிற ஒரு மருமகனோ மருமகளோ பொறுப்பெடுத்துச் செய்து குடுக்கோணும். கடைசி நேரத்தில பிளேன் மாறலாம், வைபை வேலை செய்யாமலும் விடலாம், அதால எல்லாத்தையும் றெக்கோட் பண்ணி வைக்கிறதை மறக்க வேண்டாம்.

மூண்டாவது தான் எனக்கு எல்லாத்திலயும் பெரிசாத் தெரியுறது. அவ பாக்கிறது ஒரு பக்கம், அவ சொல்ல நினைக்கிறது இன்னொரு பக்கம். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை ஏறுறதுக்கு முதல் எயார்போட்டில ஒரு மூலையில இருந்து வொய்ஸ் மெசேஜா அனுப்பச் சொல்லுங்கோ. அதைக் கிரியை துவங்க முதல் அப்பான்ர காதுக்குக் கிட்ட ஒரு ஆள் போட்டு விடலாம். பிளேனில இருந்து கத்திக் கதைக்க வேண்டிய தேவையே வராது. பாக்கேக்க இயர்போன் போட்டுக்கொண்டு பாக்கச் சொல்லுங்கோ, பணியாளரிட்ட "எங்கட அப்பாட செத்தவீடு நடக்குது, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்" எண்டு ஒரு வசனம் முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். சொன்னா ஒரு தண்ணியாவது கொண்டந்து தருவினம், அவ அழேக்க பக்கத்தில இருக்கிறவை பதறவும் மாட்டினம்.

இதையும் எழுதாம விட ஏலாது. பிள்ளை நாளைக்கு வந்து இறங்குறா எண்டு தெரிஞ்சா, ஒரு நாள் பொறுத்தா என்ன? உடலை மலர்ச்சாலையில பழுதுபடாமப் பாதுகாக்கிற வசதி இண்டைக்கு ஊரிலயே இருக்கு. நாள் பாக்கோணும், செவ்வாய் வெள்ளி பாக்கோணும், ஆக்கள் கூடிட்டினம் எண்டெல்லாம் காரணம் வரும், அதுகளுக்கும் மதிப்பு இருக்குத் தான், ஆனா ஐயரிட்டயும் பெரியாக்களிட்டயும் ஒருக்கா இருந்து கதைச்சுப் பாருங்கோ. லைவ் எண்டது பொறுக்கவே ஏலாத நிலைமைக்கு வைச்சிருக்கிற வழி, லைவ் இருக்குத்தானே எண்டு சொல்லி வந்து கொண்டிருக்கிற பிள்ளையை விட்டிட்டு அவசரப்படுறதுக்கு அது காரணமாகக் கூடாது.

பருத்தித்துறையில இருந்து ஒரு அக்கா:
அத்தான் பிளேனில வைபை வாங்கவே இல்லை, போன் மட்டும் ஓன்ல இருந்திருக்கு. வந்து பாத்தா போன் பில் ஆயிரக்கணக்கில. எப்பிடி?

அக்கா, அவர் பிளைற் மோட் போடேல்லை. சில பெரிய பிளேனுகளுக்குள்ள ஒரு குட்டி மொபைல் கோபுரம் இருக்கு, போனில ஏரோமொபைல், ஒன்எயார் எண்ட மாதிரி ஒரு பேர் விழும். போன் பாவம், கோபுரம் கிடைச்சிட்டுது எண்டு போய் ஒட்டிக்கொள்ளும். அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத சர்வதேச நெற்வேர்க், சாதாரண ரோமிங் பக்கேஜுக்குள்ள கன நேரம் வராது. டேற்றா ரோமிங் ஓன்ல இருந்தா நீங்கள் தொடாமலே பின்னால ஆப்புகள் அப்டேற் எடுக்கும், படங்கள் பக்அப் ஆகும், காசு போகும். கதவு மூடினவுடன பிளைற் மோட், பேந்து அதுக்கு மேல வைபையை மட்டும் திருப்பி ஓன் பண்ணுங்கோ. வைபைக்குப் பிளைற் மோட் தடையில்லை. பில்லைப் பற்றி அந்தத் தொலைபேசிக் கம்பனிக்கு எழுத்தில ஒருக்கா முறையிடுங்கோ, முதல் தரம் எண்டா சில வேளை குறைச்சு விடுவினம்.

நல்லூரில இருந்து இளைப்பாறின ஆசிரியர் ஒருவர்:
அண்மையில லண்டன் போகேக்க பக்கத்து சீற்றில இருந்த பெடியன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல வீடியோ கோலில சத்தம் போட்டுக் கதைச்சுக்கொண்டு வந்தவன், ஸ்பீக்கரில வேற. வயசான என்னால நித்திரை கொள்ள ஏலேல்லை, சொல்லவும் கூச்சமா இருந்தது. பிளேனுக்குள்ள கோல் கதைக்க உண்மையிலயே அனுமதி இருக்கோ?

ஐயா, இதுக்கு உலகம் முழுக்க ஒரே பதில் இல்லை, கம்பனிக்குக் கம்பனி வேற, நாட்டுக்கு நாடு வேற. அமெரிக்காவில 1991ல இருந்து ஆகாயத்தில செல்போன் சிக்னல் பாவிக்கத் தடை, உயரத்தில இருக்கிற போன் கீழ ஒரே நேரத்தில கன கோபுரத்தைக் குழப்பும் எண்டது தான் காரணம். வைபையால போற கோல் அந்தத் தடைக்குள்ள வராது. 2013ல தடையைத் தளர்த்தப் பாத்தவை, விமானப் பணியாளரும் பயணியளும் வேண்டாம் எண்டு எதிர்த்து 2020ல அந்த யோசனையைக் கைவிட்டவை. இடையில 2018ல அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தில, பயணியள் பறக்கேக்க போனில குரல் குடுத்துக் கதைக்கிறதைத் தடை செய்ய விதி போடுங்கோ எண்டு போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சொன்னது. யுனைற்றட், டெல்ரா மாதிரிக் கம்பனியள் தங்கட விதியிலயே கோல் கதைக்கப்படாது எண்டு வைச்சிருக்கினம். இந்தப் பக்கம் பாத்தா எமிரேற்ஸ் 2008லயே பிளேனுக்குள்ள மொபைல் கோலுக்கு இடம் விட்டது, அதே 2008ல ஐரோப்பிய ஆணைக்குழுவும் பிளேனுக்குள்ள மொபைல் சேவைக்கு அலைவரிசை ஒதுக்கினது. அதால உங்கட பிளைற்றில சட்டப்படி அனுமதி இருந்திருக்கவும் கூடும்.

அனுமதி இருக்கு எண்டதுக்காகப் பக்கத்தில இருக்கிறவரைக் கொல்ல வேணும் எண்டில்லை. பிளேனுக்குள்ள எஞ்சின் சத்தமும் காத்துச் சத்தமும் சேர்ந்து 80, 85 டெசிபல் மட்டில எப்பவும் ஓடிக்கொண்டிருக்கும். சுத்தி இரைச்சல் இருந்தா மனுசன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான், 1911ல லொம்பார்ட் எண்ட பிரெஞ்சு வைத்தியர் இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னவர், அவற்ற பேரிலயே இண்டைக்கும் சொல்லினம். காதை மூடுற ஹெட்போன் போட்டா இன்னும் மோசம், தன்ர குரல் தனக்கே கேக்காது. அந்தப் பெடியன் வேணுமெண்டு கத்தியிருக்க மாட்டான், ஆனா கேக்கிற உங்களுக்கு ரெண்டும் ஒண்டு தான். ரயிலில எண்டா எழும்பி அடுத்த பெட்டிக்குப் போகலாம், பிளேனில பத்து மணித்தியாலம் எங்க போறது? எங்கட பக்கத்து ஆக்கள் கோல் எடுத்தா வீட்டில இருக்கிற எல்லாரிட்டயும் போனைக் குடுத்து நலம் விசாரிக்கிற பழக்கம் உள்ளவை, அது அருமையான பழக்கம், ஆனா அதுக்கு உரிய இடம் ராத்திரி நேரப் பிளேன் இல்லை. என்ர அபிப்பிராயம், பிளேனுக்குள்ள கேக்கலாம், பாக்கலாம், எழுதலாம், வாயைத் திறந்து கதைக்கிறதை அவசரத்துக்கு மட்டும், அதையும் பின்னால பணியாளர் நிக்கிற இடத்தில கேட்டுப்போட்டு ரெண்டு நிமிஷத்தில முடிக்கோணும். ஸ்பீக்கரில போடுறதுக்கு ஒரு சாட்டும் இல்லை.

நீங்கள் கூச்சப்பட வேண்டாம் ஐயா. நேர சொல்லக் கஷ்டமெண்டா மேல இருக்கிற பெல்லை அமத்திப் பணியாளரிட்டச் சொல்லுங்கோ, கோலுக்கு அனுமதி இருந்தாலும் மற்றவைக்கு இடைஞ்சல் எண்டா நிப்பாட்டச் சொல்லுற அதிகாரம் அவையிட்ட இருக்கு.

இணுவிலில இருந்து ஒரு வாசகி:
பலாலியில இருந்து சென்னை போற பிளைற்றில வைபை இருக்கோ?

இல்லை. அதில ஓடுறது ஏரிஆர் 72 எண்ட சின்ன விசிறிப் பிளேன், மேல ஏறி நிமிர்ந்து பாக்கச் சென்னை வந்திடும். பெரிய பிளேனில இந்தியாவுக்கு மேல போறவைக்கு ஒரு தகவல்: இந்தியா 2018 கடைசியில தான் தன்ர வானில பிளேன் இன்டர்நெற்றுக்கு விதி கொண்டுவந்தது, அதிலயும் 3000 மீற்றர் உயரத்துக்கு மேல எண்டு. அதால ஏறினவுடனயும் இறங்குறதுக்குக் கொஞ்சம் முன்னுக்கும் நெற் இல்லாம இருந்தா அது பழுது இல்லை.

மானிப்பாயில இருந்து ஒரு மகள்:
அம்மாவுக்கு எழுபது தாண்டிட்டுது, முதல் தரம் தனிய லண்டன் போறா, டுபாயில மாறோணும். வைபை உள்ள பிளேனாப் பாத்துப் போட்டா வழி முழுக்க வீடியோ கோலில நான் கதைச்சுக்கொண்டு போகலாம் எண்டு நினைக்கிறன். எந்தக் கம்பனி நல்லம்?

தங்கச்சி, உங்கட அன்பு விளங்குது, ஆனா அந்த நம்பிக்கையில அம்மாவை ஏத்த வேண்டாம். வைபைக்குள்ள போய், மெம்பர் நம்பர் அடிச்சு, பிளான் தெரிவு செய்து, சம்மதம் குடுத்து, பேந்து வட்ஸ்அப்புக்குப் போறதெல்லாம் பழகின ஆக்களுக்கே கண்ணைக் கட்டுற வேலை. அவ கையில போனை வைச்சு அமத்தி அமத்திப் பாத்திட்டு, வரேல்லை எண்டா அந்தரப்பட்டுப் போவா, நீங்களும் இங்க அந்தரப்படுவியள். ரிக்கெற் போடேக்கயே வீல்செயார் உதவி கேட்டுப் போடுங்கோ, நடக்கக் கூடியவவா இருந்தாலும் பரவாயில்லை, கட்டுநாயக்காவில ஏத்தி டுபாயில அடுத்த கேற்றுக்குக் கொண்டுபோய் விடுவினம். அதுக்குத் தனிக் காசு இல்லை.

மற்றது, டுபாயில இறங்கின உடன வட்ஸ்அப் கோல் எடுப்பா எண்டு பாத்துக்கொண்டிராதேங்கோ. ஐக்கிய அரபு இராச்சியத்தில வட்ஸ்அப்பில கோல் கதைக்கிறது மறிச்சிருக்கு, எழுத்தும் வொய்ஸ் மெசேஜும் மட்டும் போகும். அங்க ஆரும் சொந்தக்காரர் இருந்தாக் கேட்டுப் பாருங்கோ, அவையள் பொட்டிம் எண்ட ஆப்பைத் தான் பாவிக்கினம். அம்மாவுக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்ப மட்டும் பழக்கி விடுங்கோ, மைக் படத்தை அமத்திப் பிடிக்கிறது, கதைக்கிறது, விடுறது, அவ்வளவு தான். நீங்கள் அனுப்புறதையும் அவ ரெண்டு மூண்டு தரம் போட்டுக் கேக்கலாம், கோல் மாதிரி வந்து போயிடாது. எயார்போட் வைபை சில இடத்தில மெசேஜில கோட் அனுப்பும், அவவின்ர சிம்முக்கு ரோமிங் எஸ்எம்எஸ் வருமோ எண்டு முதலே பாருங்கோ, இல்லாட்டி வீல்செயார் தள்ளுற பிள்ளையிட்டப் போனைக் குடுத்தாக் கனெக்ற் பண்ணிக் குடுப்பினம். லண்டனில கூப்பிட வாற ஆளின்ர பேர், நம்பர், வீட்டு விலாசம், அவ குடிக்கிற மருந்து, ரெண்டு பிளைற்றின்ர நம்பர் எல்லாத்தையும் ஒரு பேப்பரில ஆங்கிலத்திலயும் தமிழிலயும் பெரிய எழுத்தில எழுதி பாஸ்போட்டோட சேர்த்து வைச்சு விடுங்கோ. ஆங்கிலத்தில இருக்கிறதைப் பணியாளர் வாசிக்கட்டும், தமிழில இருக்கிறதை அம்மா வாசிக்கட்டும்.